பத்திரம் முடியும்வரை கணவன் மனைவி

நானும் என் கணவரும் பிரிந்துவிடலாம் என்று முடிவெடுத்தது சண்டை போட்டு அல்ல. சண்டை போடும் அளவுக்குக்கூட எங்களுக்குள் எதுவும் மிச்சமில்லை என்பது இருவருக்கும் ஒரே சமயத்தில் புரிந்தது, அவ்வளவுதான். குழந்தை இல்லை. எனக்குக் காரைக்குடியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. அவர் விவசாய மோட்டார் விற்கும் நிறுவனத்தின் பிரதிநிதி; ஒக்கூர், திருக்கோஷ்டியூர் பக்கமெல்லாம் பைக்கில் சுற்றுவார். வீட்டை விற்று வருவதைப் பாதியாகப் பிரித்துக்கொண்டு அவர் திருச்சிக்குப் போவது, நான் மதுரையில் என் அக்கா வீட்டுப் பக்கம் ஒரு சின்ன இடம் பார்த்துக்கொள்வது என்று பேசிக்கொண்டோம். எல்லாம் முடிந்த பிறகு சொந்தக்காரர்களுக்குச் சொல்லலாம் என்றார். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. அதுவரை அவர் மாடி அறையில் இருப்பார், நான் கீழே.

சிக்கல் வீட்டில் இல்லை, அது நிற்கும் மண்ணில் இருந்தது. எங்கள் தெரு முழுவதும் ஒரு தர்ம அறக்கட்டளைக்குச் சொந்தம். பழைய வணிகக் குடும்பம் ஒன்று அன்னதானத்துக்காக ஏற்படுத்தியது. அந்தக் காலத்திலேயே இடத்தை மனை மனையாகப் பிரித்துத் தொண்ணூற்றொன்பது வருடக் குத்தகைக்கு விட்டிருந்தார்கள். கட்டடம் நம்முடையது, அடிமனை அவர்களுடையது. வருடா வருடம் அடிமனை வாடகை கட்டி ரசீது வாங்க வேண்டும். நாங்கள் வாங்கியபோது குத்தகை முடிய நாற்பது வருடத்துக்குச் சற்றுக் குறைவாக இருந்தது. வங்கியில் தயங்காமல் கடன் கொடுத்தார்கள். அந்தக் கடனையும் அடைத்து முடித்திருந்தோம். விற்பதற்கு இனி என்ன தடை என்று நினைத்துத்தான் வக்கீலிடம் போனோம்.

வக்கீல் என்னைவிட வயதில் சிறிய பெண். குத்தகைப் பத்திரத்தை நிதானமாகப் படித்தார். நாங்கள் பிரியப்போவதை அவரிடமும் சொல்லவில்லை. மதுரைக்குக் குடிபோகிறோம் என்று மட்டும் சொல்லியிருந்தோம்.

"அக்கா, இதை லோன் போட்டு வாங்குற ஆளுக்கு விக்க முடியாது," என்றார். "இன்னும் இருபத்து சொச்சம் வருசம்தான் இருக்கு. கடன் அடைஞ்ச பிறகும் குத்தகை நல்லா மிச்சம் இருக்கணும்னு பேங்க்ல பாப்பாக. அதனால கையில பணம் வச்சிருக்கிற ஆளாப் பாருங்க."

"பாத்துருவோம்," என்றார் என் கணவர்.

"அது மட்டுமில்ல அண்ணே. மூன்றாம் நபருக்கு விக்கிறதுன்னா அறக்கட்டளையோட எழுத்துப்பூர்வமான ஒப்புதல் வேணும். அறங்காவலர் ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும். உள்வாடகைக்கு விடக்கூடாது. அனுமதியில்லாம கூடுதலா எதுவும் கட்டக்கூடாது." தலையை நிமிர்த்தினார். "மாடியில ஏதும் கட்டியிருக்கீகளா?"

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். வீடு வாங்கிய சில வருடங்களில் மாடியில் ஒரு அறையும் அதற்கு வெளியிலிருந்து ஒரு படிக்கட்டும் கட்டியிருந்தோம். அறக்கட்டளையில் அப்போதிருந்த மேனேஜரிடம் கேட்டதற்கு, "கட்டிக்கங்க, என்ன இப்ப" என்றார். அவர் இறந்தே பல வருடங்களாகிவிட்டன.

"வாயால சொன்னதெல்லாம் இங்க நிக்காதுக்கா," என்றார் வக்கீல். "வாங்குற ஆள்கிட்ட முன்பணம் வாங்கினா, ஒப்புதல் வந்தாத்தான் விற்பனை, வரலைன்னா பணம் வாபஸ்னு ஒப்பந்தத்துலயே எழுதிருவோம்."

கையில் பணம் வைத்திருந்த ஆள் கிடைக்கவும் செய்தார். வெளிநாட்டில் கடை வேலை பார்த்துவிட்டு ஊரோடு வந்துவிட்ட ஒரு பாய். மனைவியையும் பள்ளி இறுதி வகுப்புப் படிக்கும் மகளையும் அழைத்துவந்து வீட்டைப் பார்த்தார். மூவருக்கும் மாடி அறைதான் பிடித்தது. மகள் படிக்க வசதியாக இருக்கும் என்றார்கள். பாயின் மனைவி சமையலறையில் என்னுடன் நின்றுகொண்டு மெதுவாகக் கேட்டார்.

"அக்கா, அந்த இருபத்து சொச்சம் வருசம் முடிஞ்சா என்ன ஆகும்?"

கூடத்திலிருந்த என் கணவருக்கு அது கேட்டுவிட்டது. "புதுப்பிச்சுத் தந்துருவாகம்மா, காலங்காலமா அப்படித்தானே," என்று அங்கிருந்தே சொன்னார்.

என்னால் தலையாட்ட முடியவில்லை. "தரலாம், தராமலும் போகலாம்," என்றேன். "பத்திரத்துல அப்படி ஒண்ணும் எழுதலை. காலி பண்ணச் சொன்னா கட்டடத்துக்கு என்ன கொடுப்பாகங்கிறதும் அதுல இல்ல."

அவர்கள் போன பிறகு எனக்கு நல்ல திட்டு விழுந்தது. "விக்க வந்தியா, விரட்ட வந்தியா?" என்று கேட்டார். வருடக்கணக்கில் ஒருவருக்கொருவர் குரலை உயர்த்தாமல் இருந்த நாங்கள் அன்றைக்கு அடிமனைக்காகச் சத்தம் போட்டுக்கொண்டோம். ஆனால் பாய் மறுநாளே போன் செய்து, "தங்கச்சி உண்மையைச் சொன்னாக, அதனாலயே எங்களுக்கு நம்பிக்கை வந்துச்சு" என்றார். வக்கீல் சொன்னபடி ஒப்பந்தம் எழுதி முன்பணம் கொடுத்தார். இனி ஒப்புதல் ஒன்றுதான் பாக்கி என்று நினைத்தோம்.

அறங்காவலர்களில் ஒருவர் சென்னையில் இருந்தார். இன்னொருவர் கண்டரமாணிக்கத்தில் ஓர் ஆச்சி. இருவரும் ஒரே குடும்பத்தின் இரண்டு கிளை. ஏதோ சொத்து வழக்கினால் நெடுநாளாகப் பேச்சுவார்த்தை இல்லை. சென்னைக்காரருக்கு எத்தனை முறை போன் செய்தாலும் மீட்டிங்கில் இருப்பார். ஒருமுறை எடுத்து, "ஆச்சி சைன் பண்ணிட்டாங்களா? பண்ணினதும் ஸ்கேன் அனுப்புங்க, நான் பார்க்கிறேன்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

சரியென்று கண்டரமாணிக்கத்துக்குக் கிளம்பினோம். இருவரும் நேரில் வர வேண்டும் என்று ஆச்சி வீட்டில் சொல்லியிருந்ததால், பைக்கில் என் கணவர் பின்னால் பத்திரக் கோப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து போனேன். அப்படி உட்கார்ந்து எவ்வளவோ காலமாகிவிட்டது. முன்பெல்லாம் தோளைப் பிடித்துக்கொள்வேன். இப்போது பின்னால் இருந்த கம்பியைப் பிடித்தேன். சாலையில் குழி வரும்போதெல்லாம் அவர் முன்கூட்டியே "பள்ளம்" என்று சொல்லிக்கொண்டே வந்தார், ஏதோ வாடகை வண்டிக்காரர் மாதிரி.

ஆச்சி நன்றாக உபசரித்தார். காப்பி, சீடை எல்லாம் வந்தது. "ரெண்டு பேரும் சேந்து வந்தது எம்புட்டு நல்லா இருக்கு," என்று வேறு சொன்னார். ஒப்புதல் கேட்டு எழுதிய மனுவைக் கண்ணாடி போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார். படித்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"மெட்ராஸ்ல இருக்கிறவுக முதல்ல போடட்டும்."

"ஆச்சி, அவுக நீங்க போட்டாத்தான் போடுவேங்கிறாக," என்றேன்.

"அப்படியா சொன்னாக? நான் முன்னால போட்டா நாளைக்கு என்னையத்தான் கேப்பாக, ஆச்சி எதுக்கு அவசரப்பட்டாகன்னு. அவுக போட்டு அனுப்பட்டும், அடுத்த நிமிசம் நான் போட்டுத் தாரேன். இன்னொரு காப்பி சாப்புடுறீகளா?"

ஒரே காகிதத்தில் இருவரும் யார் முதலில் என்று காத்திருந்தால் அந்தக் காகிதத்தில் என்றைக்குக் கையெழுத்து விழும்? அடுத்த சில மாதங்களில் அதே பயணத்தை மறுபடியும் மறுபடியும் செய்தோம். வக்கீல் இரண்டு தனித்தனிப் பிரதி தயார் செய்து, தனித்தனியாகக் கையெழுத்து வாங்கலாமே என்று யோசனை சொன்னார். அதற்கு அறங்காவலர்கள் இருவருமே, அறக்கட்டளையின் இப்போதைய மேனேஜர் எங்கள் வீட்டை நேரில் பார்த்து அறிக்கை கொடுக்கட்டும் என்று புதிதாக ஒன்றைக் கிளப்பினார்கள். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் இருவருக்கும் ஒற்றுமை.

மேனேஜர் வந்த அன்று என் கணவர் ஒக்கூருக்குப் போயிருந்தார். நான் வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு இருந்தேன். மேனேஜருக்கு அறுபது வயதிருக்கும். கையில் அளவு டேப். கீழே எல்லாவற்றையும் அளந்து முடித்துவிட்டு, "மேல போவோமா?" என்று வெளிப்படிக்கட்டில் ஏறினார். நான் பின்னால் ஏறினேன்.

அறையில் ஒரு கட்டில், கொடியில் என் கணவரின் சட்டைகள், தண்ணீர் கொதிக்க வைக்கும் மின்சாரக் கெட்டில், ஒரு தட்டு, ஒரு டம்ளர். மேனேஜர் அளப்பதை நிறுத்திவிட்டுச் சுற்றிலும் பார்த்தார்.

"இங்க யாரும்மா தங்கியிருக்காக?"

"எங்க வீட்டுக்காரர்தாங்க."

"அவுக கீழதானே இருப்பாக?" என்றவர் குரலைத் தணித்துக்கொண்டார். "உள்வாடகைக்கு விட்டிருந்தா இப்பவே சொல்லிருங்கம்மா. பின்னால தெரிஞ்சா குத்தகையே ரத்தாகுற விசயம்."

"வாடகைக்கெல்லாம் விடலைங்க."

"தனிப் படி, தனித் தட்டு, தனிப் படுக்கை. எங்குட்டோ இருந்து வந்து தங்குற ஆளு மாதிரியில்ல இருக்கு? நான் என்னன்னு அறிக்கை எழுதுறது? என்னையக் கேள்வி கேப்பாகம்மா."

அவர் நின்ற நிலையைப் பார்த்தால் பதில் வாங்காமல் கீழே இறங்குகிற ஆளாகத் தெரியவில்லை. என் அக்காவிடம் சொல்லவில்லை. கூட வேலை பார்ப்பவர்களிடம் சொல்லவில்லை. பக்கத்து வீட்டில் கேட்டபோதெல்லாம், மாடியில் காற்று வருகிறது, அதனால் அங்கே படுக்கிறார் என்று சமாளித்திருந்தேன்.

"நாங்க பிரியப் போறோம்ங்க," என்றேன். "அதுக்குத்தான் வீட்டை விக்கிறோம். அவரு மேல இருக்காரு, நான் கீழ இருக்கேன். வேற யாரும் இங்க இல்ல."

முன்பின் பழக்கமில்லாத ஒருவரிடம், அதுவும் அடிமனைக் கணக்குப் பார்க்க வந்தவரிடம், முதன்முதலாக அதை வாய்விட்டுச் சொன்னேன். வேறு யாரிடமாவது சொல்லும்போது அழுவேன் என்று நினைத்திருந்தேன். அப்போது வந்தது கோபம்தான்.

மேனேஜர் டேப்பைச் சுருட்டினார். "சரிம்மா. அதையெல்லாம் நான் எழுத மாட்டேன்," என்றார். படியில் இறங்கும்போது திரும்பிப் பார்க்காமலே, "ஆனா ரூம் இருக்குங்கிறதை எழுதித்தான் ஆகணும்" என்றார்.

எழுதினார். சில வாரங்களில் அறக்கட்டளையிலிருந்து பதிவுத் தபாலில் நோட்டீஸ் வந்தது. அனுமதியின்றி மாடியில் தனிப் படிக்கட்டுடன் ஓர் அறை கட்டியிருப்பதாகவும், அதை இடித்துவிட்டு மனு செய்தால் மட்டுமே ஒப்புதல் பரிசீலிக்கப்படும் என்றும் இருந்தது. அதன் அடியில் அறங்காவலர்கள் யாரும் கையெழுத்துப் போட்டிருக்கவில்லை, மேனேஜர்தான் போட்டிருந்தார். நோட்டீஸ் அனுப்ப ஒரு கையெழுத்துப் போதும், ஒப்புதலுக்குத்தான் இரண்டு!

அதை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். என் கணவர் இரண்டு முறை படித்தார்.

"இடிச்சுட்டா நான் எங்க படுக்குறது?" என்று கேட்டார்.

கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டார். அறை வேண்டாமென்றால் அவர் கீழே வர வேண்டும். கீழே வருவதற்கு நாங்கள் இருவருமே தயாராக இல்லை. வீட்டை விற்றால்தான் பிரிய முடியும், அறையை இடித்தால்தான் விற்க முடியும், பிரிந்திருக்க அந்த அறை வேண்டும். இரண்டு பேரும் படிக்கட்டில் உட்கார்ந்து அதையே திரும்பத் திரும்பப் பேசிக்கொண்டிருந்தோம்.

நோட்டீஸ் விஷயத்தைப் பாயிடம் மறைக்க முடியாது. சொன்னோம். அவர் மனைவியுடன் வந்தார். அந்தம்மா உள்ளே வரவில்லை, வாசலிலேயே நின்றார். "தங்கச்சி, உங்க மேல எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்ல," என்றார் பாய். "ரூமும் இல்ல, ஒப்புதலும் இல்லன்னா நாங்க எத்தனை நாளுக்கு வாடகை வீட்டுல இருக்கிறது? புள்ளை இந்த வருசம் பரீட்சை எழுதுறா." ஒப்பந்தப்படி முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். நல்ல மனிதர்கள். கொஞ்சம் சண்டை போட்டிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அதே சமயத்தில் என் கணவருக்குத் திருச்சிக்கு மாற்றல் வந்தது. அவர் கேட்டு வாங்கியதுதான்; வீடு அதற்குள் விற்றுவிடும் என்ற கணக்கில் கேட்டது. வேறு வழியில்லாமல் வக்கீலிடம் போய் முழுக் கதையையும் சொன்னோம்.

வக்கீல் பேனாவைக் கீழே வைத்தார். "இதை முதல் நாளே சொல்லியிருந்தா இத்தனை தூரம் அலைய விட்டிருக்க மாட்டேனே அக்கா! குத்தகையில ரெண்டு பேர் பேரும் இருக்கு. ஒருத்தர் பங்கை இன்னொருத்தருக்கு விடுதலைப் பத்திரம் போட்டு விட்டுக்கொடுத்துரலாம். ஒப்புதல் வேணும்னு எழுதியிருக்கிறது மூன்றாம் நபருக்குக் கொடுக்கிறதுக்குத்தான். நீங்க மூன்றாம் நபர் இல்லையே."

"அறக்கட்டளையில ஒத்துக்கிருவாகளா?" என்று என் கணவர் கேட்டார்.

"ஒத்துக்கிறாமப் போனா கேஸ் போடட்டும் அண்ணே. கேஸ் போடுறதுக்கும் அறங்காவலர் ரெண்டு பேரும் சேந்துதானே கையெழுத்துப் போடணும்?" சிரித்தார். உடனே முகம் மாறியது. "ஆனா ஒண்ணு. விவாகரத்து மனு இப்பப் போட வேணாம். கணவன் மனைவிக்குள்ளன்னா முத்திரைத் தீர்வை குறைவு. பத்திரம் முடியிற வரைக்கும் நீங்க கணவன் மனைவியாத்தான் இருக்கணும்."

அப்புறம் வந்தது பெரிய கேள்வி: வீடு யாருக்கு? ஊரில் மற்றவர்கள் வீடு வேண்டுமென்று கோர்ட்டுக்குப் போவார்கள். நாங்கள் வேண்டாமென்று அடித்துக்கொண்டோம்.

"நான் திருச்சியில இருந்துக்கிட்டு இதை வச்சு என்ன பண்ணப்போறேன்? நீ எடுத்துக்க."

"எனக்கு மட்டும் எதுக்கு? நான் மதுரைக்குப் போறேன்னு எப்பவோ சொல்லிட்டேன். குத்தகை முடியும்போது எனக்கு எழுபது தாண்டியிருக்கும். அந்த வயசுல என்னைய வெளிய போகச் சொன்னா நான் எங்குட்டுப் போவேன்?"

"அதே கேள்வி எனக்கும் இருக்குல்ல?"

வக்கீல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "யாராவது ஒருத்தர் எடுத்துத்தான் ஆகணும்," என்றார்.

என் கணவருக்கு ஊரில் இனி வேலையில்லை, எனக்கு இருந்தது. அதனால் முடிவு என் தலையில் விழுந்தது. மதுரைக்கென்று நான் சேர்த்து வைத்திருந்ததை அவர் பங்குக்காகக் கொடுத்தேன். அக்காவிடம் அப்போதுதான் எல்லாவற்றையும் போனில் சொன்னேன். நான் பிரிந்ததைவிட, மதுரைக்கு வராததுதான் அவளுக்குத் தாங்கவில்லை. "வெளிய வரணும்னு நினைச்ச வீட்டையே காசு கொடுத்து வாங்குவாகளாடி யாராவது?" என்றாள்.

பத்திரம் பதிவதற்கு முந்தின நாள் வரைவைப் படிக்கக் கொடுத்தார்கள். பழைய மாதிரி ஒன்றிலிருந்து தட்டச்சு செய்திருப்பார்கள் போலிருக்கிறது. "தங்கள் மீது எனக்குள்ள அன்பினாலும் பிரியத்தினாலும்" என்று ஒரு வரி இருந்தது. என் கணவர் அதில் விரலை வைத்து, "இது வேணுமா மேடம்?" என்று கேட்டார். வக்கீல் எட்டிப் பார்த்தார். "பணம் வாங்கிக்கிட்டு விட்டுக்கொடுக்கறீக, இது வராது," என்று பேனாவால் அடித்துவிட்டார். என் கணவர் என்னைப் பார்க்கவில்லை. நானும் கோப்பை மூடுவதில் மும்முரமாக இருப்பதுபோல் இருந்துகொண்டேன்.

பதிவு அலுவலகத்தில் பட்டா அறக்கட்டளை பேரில் இருக்கிறதே என்று நிறுத்தினார்கள். வக்கீல் குத்தகைப் பத்திரத்தைக் காட்டி, நிலத்துக்கு இல்லை, கட்டடத்துக்கும் மீதிக் குத்தகைக் காலத்துக்கும்தான் என்று விளக்கிக்கொண்டே இருந்தார். பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து காத்திருந்தோம். கடைசியில் கூப்பிட்டார்கள். எழுதிக் கொடுப்பவருக்கு நான் என்ன உறவு என்று கேட்டார்கள். "மனைவி," என்றேன். கைரேகை வைத்தோம், போட்டோ எடுத்தார்கள். வெளியே வந்ததும் அவர் என்னிடம் வீட்டுச் சாவியின் இன்னொரு செட்டைக் கொடுத்தார். அடுத்த வாரம் ஒரு சின்ன லாரியில் அவர் சாமான்கள் திருச்சிக்குப் போயின.

விவாகரத்து மனுவில் வேறொரு சிக்கல். இருவரும் சேர்ந்து மனுப் போடும் முன் ஒரு வருடமாவது பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும் என்பது சட்டம். ஒரே கதவு எண்ணில் அல்லவா இருந்தோம்! அப்போதுதான் வக்கீலுக்கு அந்த நோட்டீஸ் ஞாபகம் வந்தது. "மாடியில் தனிப் படிக்கட்டுடன் ஓர் அறை" என்று அறக்கட்டளையே எழுதியிருந்ததை மனுவோடு இணைத்தார். மாவட்டத் தலைநகரில் இருந்த நீதிமன்றத்தில் அதைப் படித்துவிட்டு, யார் மேலே, யார் கீழே என்று மட்டும் கேட்டார்கள். சொன்னோம். தீர்ப்பு வந்த அன்று அவர் திருச்சி பஸ் ஏறினார், நான் காரைக்குடி பஸ் ஏறினேன்.

இப்போது அந்த வீட்டில்தான் இருக்கிறேன். விடுதலைப் பத்திரத்தின் நகலோடு பெயர் மாற்றம் கேட்டு அறக்கட்டளைக்கு எழுதினேன். பதில் இல்லை. மாடி அறையை இடிக்கச் சொன்ன நோட்டீஸை அவர்கள் திரும்பப் பெறவும் இல்லை, மேற்கொண்டு எதுவும் செய்யவும் இல்லை. சமையலறைக் கூரை மழைக்கு ஒழுகுகிறது. ஓடுகளை எடுத்துவிட்டுக் காங்கிரீட் போடலாமென்று கொத்தனாரை வரச்சொன்னால், அதற்கும் அனுமதி வேண்டுமே என்ற யோசனையில் அவரைத் திருப்பி அனுப்புகிறேன்.

போன மாதம் அடிமனை வாடகை கட்டப் போனேன். ரசீதில் வழக்கம்போல் இரண்டு பேர் பெயரும் இருந்தது. "இவர் இப்ப குத்தகைதாரர் இல்லைங்க, என் கணவரும் இல்லைங்க," என்றேன்.

கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண் எட்டிப் பார்த்தாள். "பேரை எடுக்க அறங்காவலர் கூட்டத்துல தீர்மானம் போடணும் மேடம்."

"கூட்டம் எப்ப?"

"அது தெரியலையே மேடம்."

அவளிடம் கத்தி என்ன பிரயோசனம்? இருந்தும் கொஞ்சம் கத்தினேன். உள்ளே இருந்து மேனேஜர் எழுந்து வந்து, என்னை அடையாளம் கண்டு, உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. ரசீதைப் பைக்குள் திணித்துக்கொண்டு, வேலைக்கு நேரமாகிவிட்டதால் வெயிலில் வேகமாக நடந்து போனேன்.